புகை எங்கே போகும்? மொட்டை மாடியில் நின்றபடியே காற்றின் நிலைப்புத்தன்மையைக் கணிப்பது எப்படி

போகி அன்று விடிகாலை 5 மணிக்குச் சென்னையில் ஒரு தெருவில் பழைய பாயையும் கிழிந்த டயரையும் கொளுத்துகிறார்கள். அதே குப்பையை, அதே இடத்தில், மதியம் 2 மணிக்குக் கொளுத்தியிருந்தால் இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்கு அது தெரிந்தே இருக்காது. 2018 ஜனவரி 13, போகி, அன்று காலை சென்னை விமான நிலையத்தில் ஓடுதளமே தெரியாமல் விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். எரித்த குப்பை மட்டுமல்ல காரணம், எரித்த நேரமும்தான். அந்த நேரத்தில் காற்று மேலே எழ மறுக்கிறது.

இந்த "மறுப்பு"க்குத்தான் வளிமண்டல நிலைப்புத்தன்மை என்று பெயர். பாடப்புத்தகத்தில் இதை இரண்டு பக்கத்தில் முடித்துவிடுவார்கள், "நிலைப்பான காற்று கெட்டது, நிலையற்ற காற்று நல்லது" என்ற ஒரு வரியும் மனதில் ஒட்டிக்கொள்ளும். அந்த வரி பாதிதான் உண்மை. மாசு ஆய்வறிக்கைகள் தயாரிக்கும் வேலையில் சில வருடம் இருந்தவன் நான், அந்தப் பாதி உண்மையை நம்பித் தவறாக எழுதியும் இருக்கிறேன். அதனால் அடிப்படையிலிருந்தே போகலாம்.

முதல் படி: ஒரு காற்றுப் பொட்டலத்தை மேலே தூக்கிப் பாருங்கள்

சைக்கிள் பம்ப்பை வேகமாக அடித்தால் அடிப்பகுதி சுடும், காற்றை அமுக்கினால் அது சூடாகும் என்பதால். அதன் மறுபக்கமும் உண்மைதான், காற்றை விரியவிட்டால் குளிரும். தரையிலிருந்து கொஞ்சம் காற்று மேலே எழும்போது அங்கே அழுத்தம் குறைவு, ஆகவே அது விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஈரம் மேகமாக மாறாத வரைக்கும் இந்தக் குளிர்ச்சி ஒரு கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி, அதாவது 100 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி. இந்த எண் ஊருக்கு ஊர் மாறாது. மாறுவது சுற்றியுள்ள காற்று எந்த உயரத்தில் எவ்வளவு வெப்பமாக இருக்கிறது என்பதுதான், எல்லா விளையாட்டும் அங்கேதான்.

தரையில் 30 டிகிரி என்று வையுங்கள். ஒரு காற்றுப் பொட்டலம் 100 மீட்டர் ஏறினால் 29 ஆகிவிடும். அந்த உயரத்தில் சுற்றியுள்ள காற்று 28.5 டிகிரி என்றால் நம் பொட்டலம் இன்னும் சூடாக, லேசாக இருக்கிறது, ஆகவே மேலே போய்க்கொண்டே இருக்கும். இது நிலையற்ற காற்று. சுற்றுக்காற்றும் 29 என்றால் விட்ட இடத்தில் நிற்கும், அது நடுநிலை. சுற்றுக்காற்று 29.5 என்றால் நம் பொட்டலம் கனம், திரும்பக் கீழே வந்துவிடும், இது நிலைப்பான காற்று. மேலே போகப் போகச் சூடு கூடினால், தரையில் 21, 200 மீட்டரில் 24 என்பது போல, அதுதான் வெப்பத் தலைகீழ் மாற்றம். சுருக்கமாக இன்வெர்ஷன்.

வாளியில் பச்சைத் தண்ணீர் பிடித்துவிட்டு அதன்மேல் மெதுவாக வெந்நீர் ஊற்றிப் பாருங்கள். கையை விட்டால் மேலே சுடும், அடியில் சில்லென்று இருக்கும், கலக்கினால் ஒழிய அது தானாக ஒன்று சேராது. இன்வெர்ஷன் என்பது அந்த வாளி. மதிய வெயிலோ அடுப்பில் கொதிக்கும் உலை மாதிரி, அடியில் சூடு ஏறுவதால் எல்லாம் புரண்டுகொண்டே இருக்கும்.

இரண்டாவது படி: வானத்தையும் இலையையும் பாருங்கள்

தெர்மாமீட்டரைப் பலூனில் கட்டி மேலே அனுப்ப எல்லோராலும் முடியாது. இதற்கு ஒரு குறுக்குவழியை 1961-இல் பாஸ்குவில் என்ற பிரிட்டிஷ் வானிலையாளர் வெளியிட்டார். காற்றின் வேகம், பகல் என்றால் வெயிலின் கடுமை, இரவு என்றால் மேகம் எவ்வளவு, இந்த மூன்றை வைத்து ஏ முதல் எஃப் வரை ஆறு வகுப்புகள். ஏ என்றால் மிகவும் நிலையற்றது, டி நடுநிலை, எஃப் மிகவும் நிலைப்பானது. அறுபது வருடம் தாண்டியும் தொழிற்சாலை விபத்துக் கணக்குகளில் இந்த எழுத்துகள்தான் புழங்குகின்றன.

காற்றின் வேகத்துக்குக் கருவி வேண்டாம். புகை சாய்கிறது ஆனால் இலை அசையவில்லை என்றால் வினாடிக்கு ஒன்றரை மீட்டருக்குள். முகத்தில் காற்று படுகிறது, இலை சலசலக்கிறது என்றால் ஒன்றரை முதல் மூன்றரை வரை. சின்னக் கொடி விரிந்து நிற்கிறது, சிறு குச்சிகள் ஆடிக்கொண்டே இருக்கின்றன என்றால் மூன்றரை முதல் ஐந்தரை. தூசியும் காகிதமும் பறக்கத் தொடங்கினால் அதற்கும் மேல்.

இப்போது வகுப்பு:

- கடும் வெயில், காற்று 2 மீட்டருக்குக் கீழ்: ஏ. அதே வெயிலில் 2–3 மீட்டர் என்றால் ஏ-க்கும் பி-க்கும் நடுவே, 3–5 என்றால் பி, அதற்கு மேல் சி.
- மிதமான அல்லது மங்கிய வெயில்: காற்று குறைவாக இருந்தால் பி பக்கம், 3–5-இல் சி பக்கம், 6-ஐத் தாண்டினால் டி.
- முழுக்க மூடிய கனத்த மேகம், பகலோ இரவோ: டி.
- தெளிந்த இரவு: 2–3 மீட்டர் காற்றில் எஃப், 3–5-இல் ஈ, அதற்கு மேல் டி.
- மேகம் பாதிக்கு மேல் இருக்கும் இரவு: 2–3-இல் ஈ, அதற்கு மேல் டி.

பலரும் தவறவிடும் ஒரு குறிப்பு இருக்கிறது. இங்கே "இரவு" என்பது சூரியன் மறைந்து உதிக்கும் வரை மட்டுமல்ல, மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தொடங்கி, உதித்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் முடிகிறது. ஜனவரியில் சென்னையில் சூரியன் ஆறரை மணிவாக்கில்தான் உதிக்கும். ஆக, கணக்குப்படி ஏழரை வரை இரவுதான்! "விடிந்துவிட்டது, பனி விலகிவிடும்" என்று நடைப்பயிற்சிக்குக் கிளம்புகிறவர்கள் கிளம்புவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

இன்னொன்று, இந்த அட்டவணை திறந்த வெளிக்காகப் போடப்பட்டது. நெருக்கமான நகரத்தில் கான்கிரீட்டும் தாரும் பகல் சூட்டை இரவெல்லாம் கக்கிக்கொண்டே இருப்பதால் தி.நகர் நடுவில் சுத்தமான எஃப் அமைவது கடினம், ஈ அல்லது டி என்று எடுத்துக்கொள்வதே சரி. திறந்தவெளியாகக் கிடக்கும் ஏரிக்கரை, மைதானம், விமான ஓடுதளம் போன்ற இடங்கள்தான் சீக்கிரம் குளிர்ந்து இன்வெர்ஷன் என்ற மூடியைப் போட்டுக்கொள்ளும்.

மூன்றாவது படி: புகையின் உருவத்தைப் படியுங்கள்

வானிலை அறிக்கையைவிட ஒரு புகைபோக்கி அதிகம் சொல்லும். புகை பாம்பு மாதிரி வளைந்து ஒருமுறை மேலே, ஒருமுறை தரையைத் தொடுவது போலக் கீழே என்று புரண்டால் ஏ அல்லது பி. ஐஸ்கிரீம் கோனைப் படுக்கவைத்த மாதிரி சீராக விரிந்தால் டி. அகலமாக ஆனால் தட்டையாக, நீட்டி விரித்த நாடா போல ஒரே உயரத்தில் பல கிலோமீட்டர் போனால் ஈ, எஃப். மாலை மங்கும் நேரத்தில் கீழ்ப்பக்கம் கத்தியால் அறுத்தது போலச் சமமாகவும் மேல்பக்கம் மட்டும் குழம்பியும் இருந்தால், தரையில் இன்வெர்ஷன் உருவாகத் தொடங்கி அது இன்னும் புகைபோக்கியின் உயரத்தை எட்டவில்லை என்று பொருள். தரையில் இருப்பவருக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது.

காலையில் நடப்பது இதற்கு நேர் எதிர். இரவெல்லாம் தட்டையாக மேலே மிதந்த புகை, வெயில் ஏறியதும் தரையிலிருந்து வளர்ந்துவரும் புரளும் அடுக்கில் மாட்டி மொத்தமாகக் கீழே கொட்டுகிறது. அரை மணி, ஒரு மணி நேரம்தான். ஆனால் பெரிய ஆலைகளுக்கு அருகில் வசிப்பவர்கள் "ராத்திரி ஒன்றும் இல்லை, காலை எட்டரைக்குத் திடீரென்று நெடி" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ராத்திரி வெளிவிட்டது காலையில் வந்து சேர்கிறது. நெடி வந்த நேரத்தில் ஆலைக்குள் போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும், புகார் கொடுத்தவர் பொய் சொன்னதாக ஆகிவிடும்.

நான்காவது படி: புகை எந்த உயரத்தில் பிறக்கிறது?

என்னைக் கேட்டால் இதைத்தான் முதல் படியாக வைக்க வேண்டும். வகுப்பு எழுத்தைக் கண்டுபிடித்ததும் முடிவுக்குத் தாவாதீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் ஏன் என்று தெரியும்.

தரையில் எரியும் ஒரு நெருப்பு, வினாடிக்கு ஒரு கிராம் துகளை வெளிவிடுகிறது. காற்று வினாடிக்கு 2 மீட்டர். காற்று வீசும் திசையில் நேராக ஒரு கிலோமீட்டர் தள்ளி நீங்கள் நிற்கிறீர்கள். அடர்த்திக்கான சூத்திரம் எளிது: வெளியேறும் அளவை, 3.14 × காற்றின் வேகம் × புகையின் பக்கவாட்டுப் பரவல் × செங்குத்துப் பரவல் என்பதால் வகுக்க வேண்டும். பரவல் அளவுகளைத்தான் சிக்மா என்பார்கள், அவை வகுப்புக்கு வகுப்பு மாறும். திறந்த வெளிக்கென்று பிரிக்ஸ் என்பவர் தந்த சூத்திரங்களின்படி, ஒரு கிலோமீட்டரில் ஏ வகுப்பில் பக்கவாட்டில் 210 மீட்டர், செங்குத்தாக 200 மீட்டர். எஃப் வகுப்பிலோ 38 மீட்டர், 12 மீட்டர். வகுத்துப் பாருங்கள்: ஏ-யில் கன மீட்டருக்கு 4 மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவு, எஃப்-இல் ஏறக்குறைய 340. அதே நெருப்பு, அதே காற்று, 90 மடங்கு வித்தியாசம். நம் நாட்டில் பிஎம் 2.5 எனப்படும் நுண்துகளுக்கு 24 மணி நேர வரம்பே 60 மைக்ரோகிராம்தான். போகிக் காலையின் கதை இந்த ஒரு வகுத்தலில் இருக்கிறது.

சரி, இப்போது அதே ஒரு கிராமை 100 மீட்டர் உயரப் புகைபோக்கியிலிருந்து விடுங்கள். ஏ வகுப்பில் புரளும் காற்று அதைக் கீழே இழுத்துவந்து, அதே ஒரு கிலோமீட்டரில் 3 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் கொண்டுவந்து சேர்த்துவிடும். எஃப்-இல்? பூஜ்ஜியம் என்றே சொல்லலாம், ஏனென்றால் 12 மீட்டர் மட்டுமே தடித்த நாடா ஒன்று உங்கள் தலைக்கு மேலே 100 மீட்டரில் போய்க்கொண்டிருக்கிறது. தரை நெருப்புக்கு எமனான அதே எஃப், உயரப் புகைபோக்கிக்குப் பக்கத்து ஊர்க்காரருக்குக் குடையாகிறது. உயரப் புகைபோக்கியின் அருகே தரையில் மோசமான அடர்த்தி வருவது பெரும்பாலும் வெயில் கொளுத்தும் மதியத்தில், அல்லது மேலே சொன்ன அந்தக் காலை அரை மணி நேரத்தில்.

நான் தவறாக எழுதியது இங்கேதான். "குளிர்கால இரவு, நிலைப்பான காற்று, ஆகவே ஆலைக்கு அருகில் பாதிப்பு அதிகம்" என்று ஒரு அறிக்கையில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். புகைபோக்கி 60 மீட்டர் உயரம் என்பது அதே அறிக்கையின் நான்காம் பக்கத்தில் இருந்தது, யாரும் கேட்கவில்லை.

புகைபோக்கி உயரத்துக்கு நம் விதிகளும் இந்தத் தர்க்கத்தில்தான் வந்தன. 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள நிலக்கரி மின் அலகுகளுக்கு 275 மீட்டர், 200 முதல் 500 வரை 220 மீட்டர் என்று பல காலம் வைத்திருந்தார்கள், பெரும்பாலான இரவு இன்வெர்ஷன்களுக்கு மேலே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று. மாசு குறைவதில்லை, விழும் இடம்தான் தள்ளிப்போகிறது.

1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் எல்லாம் தலைகீழாக அமைந்தது. வாயு வெளிவந்த குழாய் ஏறக்குறைய 30 மீட்டர்தான், மீத்தைல் ஐசோசயனேட் ஆவியோ காற்றைப்போல இரு மடங்கு கனம், நள்ளிரவு, குளிர், காற்று மிக மெல்ல வீசியது. உயரம் போதவில்லை, வாயு தானாகவே கீழே இறங்கியது, மேலே மூடி. மேலே போட்ட சூத்திரம் இப்படிப்பட்ட கனமான வாயுவுக்கு ஒத்தே வராது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாவது படி: மூடி எவ்வளவு உயரத்தில்?

தரையிலிருந்து எவ்வளவு உயரம் வரை காற்று புரண்டு கலக்கிறதோ அதுதான் கலப்பு உயரம், துறைக்காரர்கள் மிக்சிங் ஹைட் என்பார்கள். ஊரே சேர்ந்து விடும் புகை அந்த உயரத்துக்குள்தான் கரைய வேண்டும். இதை மீட்டரில் எடுத்து, வினாடிக்கு எத்தனை மீட்டர் என்ற சராசரிக் காற்று வேகத்தால் பெருக்கினால் காற்றோட்டக் குறியீடு. டெல்லிக்கான அரசு முன்னறிவிப்புகளில் 6000-க்குக் குறைவாகவும் காற்று மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால் மாசு கலைய வாய்ப்பில்லாத நாள் என்று குறிப்பிடுவார்கள். 300 மீட்டர் மூடியும் ஒன்றரை மீட்டர் காற்றும் என்றால் 450. அதுவே 1500 மீட்டரும் 5 மீட்டரும் என்றால் 7500. டெல்லியின் நவம்பர் மாசுக்கு வயலில் எரிக்கும் வைக்கோலை மட்டும் திட்டுகிறவர்கள் இந்தப் பெருக்கலையும் பார்க்கலாம்.

எல்லா மூடியும் வெயிலில் உடையாது. தரை குளிர்வதால் வரும் மூடி காலை எட்டு, ஒன்பதுக்குள் பெரும்பாலும் உடைந்துவிடும். உயர் அழுத்த மண்டலத்தில் மேலிருந்து காற்று அமுங்கி இறங்கிச் சூடாவதால் வரும் மூடி நாள்கணக்கில் உட்காரும். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் நடந்தது அதுதான், அந்த ஐந்து நாள் நிலக்கரிப் புகைக்கு முதலில் 4000 பேர் பலி என்றார்கள், பிற்கால ஆய்வுகள் 12,000 வரை போயின.

ஆறாவது படி: பலூன் தரவை எடுத்துச் சரிபாருங்கள்

மீனம்பாக்கத்திலிருந்து வானிலைத் துறை பலூன் அனுப்புகிறது, அதிகாலை 5.30-க்கும் மாலை 5.30-க்குமான அளவீடுகள். இவற்றை அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், சென்னையின் நிலைய எண் 43279. பட்டியலைத் திறந்ததும் எண்கள் மிரட்டும். உங்களுக்கு வேண்டியது உயரம் என்ற பத்தியும், தீட்டா எனப்படும் பத்தியும் மட்டுமே. தீட்டா என்பது அழுத்த மாற்றத்தால் வரும் குளிர்ச்சியைக் கழித்துவிட்ட வெப்பநிலை, கெல்வினில் இருக்கும். மேலே போகப் போகத் தீட்டா கூடினால் நிலைப்பு, மாறாமல் இருந்தால் நடுநிலை, குறைந்தால் நிலையின்மை. முதல் படியில் போட்ட கழித்தல் எதுவும் தேவையில்லை.

இதிலிருந்தே மதியக் கலப்பு உயரமும் கிடைக்கும். அன்றைய அதிகபட்ச வெப்பநிலை 30 என்று முன்னறிவிப்பு சொன்னால் 273-ஐக் கூட்டுங்கள், 303. காலைப் பட்டியலில் தீட்டா எந்த உயரத்தில் 303-ஐத் தொடுகிறதோ, மதியம் காற்று கலக்கப்போகும் உயரம் ஏறக்குறைய அதுதான். கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்களுக்கு இந்தக் குறுக்குவழி போதும்.

போதும் என்றேனே தவிர, சென்னைக் கடற்கரையில் மதியத்துக்கு மேல் இது பொய்த்துவிடும். கடற்காற்று உள்ளே வந்ததும் குளிர்ந்த, நிலைப்பான காற்று தரைமேல் நுழைகிறது, சூடான நிலம் அதை அடியிலிருந்து மட்டும் புரட்டுகிறது. கரையோரத்தில் புரளும் அடுக்கு மிக மெல்லியது, உள்ளே போகப் போகத் தடிக்கும். எண்ணூர் மாதிரி கரையோர ஆலையின் உயரப் புகைபோக்கி புகையை அந்த அடுக்குக்கு மேலே விடும், புகை சமர்த்தாகக் காற்றோடு உள்நாட்டுப் பக்கம் நகரும், சில கிலோமீட்டர் தள்ளி அடுக்கு தடித்து அதை எட்டும் இடத்தில் மொத்தமாகத் தரைக்கு இறங்கும். காலையில் அரை மணி நேரம் நடக்கும் கொட்டல் இங்கே கடற்காற்று நிற்கும் வரை மணிக்கணக்கில் தொடரலாம். ஆலையின் வாசலில் கருவியை வைத்து "எல்லாம் நலம்" என்பது எவ்வளவு வேடிக்கை என்று யோசியுங்கள்.

மலைப்பகுதி என்றால் கணக்கு வேறு. குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும், ஊட்டியில் உறைபனி மேட்டைவிட்டுப் பள்ளத்தில் விழுவது இதனால்தான். அங்கே அடுப்புப் புகையும் அதே பள்ளத்தில் படுத்துக்கொள்ளும். 1948 அக்டோபரில் அமெரிக்காவின் டொனோரா என்ற ஆற்றுப்பள்ளத்து ஊரில், துத்தநாக ஆலையின் புகை இப்படித் தேங்கி 20 பேர் இறந்தார்கள்.

ஏழாவது படி: கருவி எண்ணோடு ஒப்பிடுங்கள்

மணலி, ஆலந்தூர், வேளச்சேரி எனச் சென்னையில் தொடர் அளவீட்டு நிலையங்கள் இருக்கின்றன, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் பார்க்கலாம். நாள் சராசரியைப் பார்க்காதீர்கள், மணிவாரியாகப் பாருங்கள். காலை 7–9 உச்சம் வாகனத்தாலா மூடியாலா என்ற குழப்பம் வரும். ஞாயிற்றுக்கிழமையோடு ஒப்பிட்டால் பாதி விடை கிடைக்கும், வாகனம் குறைந்தும் உச்சம் அதே நேரத்தில் நின்றால் மூடிதான். ஓசோனை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது வெயிலில் உருவாவது, காற்று நன்றாகக் கலக்கும் மதியத்தில்தான் ஏறும்.

கடைசியாக, எங்கள் அடுக்ககத்து ஜெனரேட்டர். அதன் புகைக்குழாய் தரைத்தள மதிலோரம் முடிந்திருந்தது. மதியம் மின்வெட்டு வந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது, இரவு எட்டுக்கு வந்தால் முதல் மாடி முழுக்க டீசல் நெடி. விதிப்படி கட்டட உயரத்தோடு, ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தில் ஐந்தில் ஒரு பங்கு மீட்டரைக் கூட்டிக் குழாய் வைக்க வேண்டும், 100 கேவிஏ என்றால் கட்டடத்துக்கு மேல் இன்னும் 2 மீட்டர். சங்கக் கூட்டத்தில் இந்தக் கணக்கை எல்லாம் போட்டுக் காட்டி, ஆறு மாதம் வாதாடி, குழாயை மொட்டை மாடிக்கு மேல் ஏற்றினோம். அடுத்த மார்கழியில் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு மின்சாரம் போனது. மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன், இலை அசையவில்லை, வானத்தில் ஒரு மேகம் இல்லை, புகை நாடா போலத் தட்டையாக நீண்டு பின்தெருவில் எங்களைவிட இரண்டு மாடி உயரமான கட்டடத்தின் ஐந்தாவது தளத்துப் பால்கனிக்குள் நேராகப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கட்டடத்துச் செயலாளரின் கடிதம் மறுநாள் காலையே வந்துவிட்டது.